மூளைக்கு வேலை கொடுக்கும் ஆட்டங்கள்: ஒரு மோட்டார் மெக்கானிக்கின் அனுபவம்

மோட்டார் பழுது பார்ப்பது என் பிழைப்பு. மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளை (காயில் என்போம்) கட்டி வார்னிஷ் காயும் வரை, பேரிங் வந்து சேரும் வரை என்று பட்டறையில் காத்திருக்கும் நேரம் நிறைய உண்டு. அந்த நேரத்தில் கையில் ஒரு புதிரோ, எதிரில் செஸ் போர்டோடு யாராவது ஒருவரோ இருப்பது பல வருடப் பழக்கம். அதனாலேயே தெரிந்தவர்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள்: “மூளை ஷார்ப்பா இருக்க எந்த கேம் ஆடணும்?”

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நான் பார்த்தவரை, சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வருகிறது. செஸ் ஆடினால் செஸ் வருகிறது. அதற்கு மேல் வேலையிலோ வரவு செலவிலோ ஒரு முடிவெடுப்பதிலோ அது கைகொடுக்க வேண்டுமானால், ஆட்டத்தில் பழகிய ஒன்றை நாமே வேண்டுமென்று எடுத்துவந்து அங்கே பொருத்த வேண்டியிருக்கிறது. தானாக அது நடப்பதில்லை.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி 1980-ல் வெளியான ஓர் ஆய்வு. ஆண்டர்ஸ் எரிக்சன், வில்லியம் சேஸ் ஆகியோர் ஒரு கல்லூரி மாணவரை உட்காரவைத்து, விநாடிக்கு ஒன்றாக எண்களை வாசித்து, அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆரம்பத்தில் எல்லோரையும் போல அவருக்கும் ஏழு எண் வரைதான் நின்றது. 20 மாதம், 230 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி. முடிவில் 79 எண்களைத் தவறாமல் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால் அதை 3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டத்தின் நேரம் என்று மனதில் மாற்றிக்கொள்வார். எண்களை நிறுத்திவிட்டு எழுத்துகளை வாசித்தார்கள். ஆறு எழுத்துதான் நின்றது. ஓட்ட நேரம் என்ற கொக்கியில் எழுத்து மாட்டாதே! ஞாபகசக்தி என்று நாம் மொத்தமாகச் சொல்லும் ஒன்று வளரவில்லை. எண்களைப் பிடிக்கும் ஒரு வித்தை வளர்ந்தது.

2010-ல் நேச்சர் இதழில் வந்த இன்னொரு ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி செய்தார்கள். பயிற்சி செய்த ஆட்டங்களில் எல்லோரும் தேறினார்கள். அதே மாதிரித் தோன்றும், ஆனால் பயிற்சி செய்யாத சோதனைகளுக்கு அந்தத் தேர்ச்சி போய்ச் சேரவில்லை.

அப்புறம் எதற்கு ஆடுவது என்று கேட்டால், முதலில், ஆடப் பிடிக்கிறது. அது போதாதா? இரண்டாவது காரணம், யோசிக்கும் முறையைப் பழகிப்பார்க்க ஆட்டத்தைப் போல மலிவான இடம் இல்லை. வேலையில் ஒரு தப்பான முடிவு தப்பு என்று தெரிய மாதக்கணக்கில் ஆகலாம், தெரியாமலே போகலாம். ஆட்டத்தில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எனக்கு அப்படி அதிகம் கொடுத்த ஆட்டம் செஸ் இல்லை. காளையும் பசுவும். பென்சிலும் காகிதமும் போதும். ஒருவர் மனதில் ஓர் எண்ணை நினைத்துக்கொள்வார். இலக்கங்கள் திரும்ப வரக்கூடாது, முதல் இடத்தில் பூஜ்யமும் வரலாம். மற்றவர் ஓர் எண்ணைச் சொல்வார். இலக்கமும் சரி, இடமும் சரி என்றால் ஒரு காளை. இலக்கம் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் என்றால் ஒரு பசு. எது காளை, எது பசு என்று சொல்லமாட்டார், எண்ணிக்கை மட்டும்தான். கடைகளில் வண்ணக் குண்டூசிகளோடு மாஸ்டர்மைண்ட் என்று விற்பது இதற்கு நெருங்கிய உறவு.

என் உதவியாளன் ஒரு பையன். அவனுக்கு மூன்று இலக்கத்தில்தான் ஆரம்பித்தேன். 123 என்று கேட்டான். “காளையும் இல்லை, பசுவும் இல்லை” என்றேன். முகம் தொங்கிப்போயிற்று. “ஒண்ணுமே தேறலையாண்ணே?”

தேறியதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று இலக்கத்தில் மொத்தம் 720 எண்கள் சாத்தியம். 1, 2, 3 எதுவுமே இல்லை என்றால் மிச்சம் ஏழு இலக்கங்கள். 7 × 6 × 5, அதாவது 210. ஒரே கேள்வியில் 510 எண்கள் கழிந்துவிட்டன. சரி, “ஒரு பசு” என்று நான் சொல்லியிருந்தால்? அந்த மூன்றில் ஏதோ ஓர் இலக்கம், அதற்கான தவறான இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கிறது. மீதி இரண்டு இடத்துக்கு 7 × 6. ஆக 3 × 2 × 42, 252 எண்கள் மிச்சம் இருக்கும். ஏதோ கிடைத்த மாதிரி சந்தோஷம் தரும் பதிலில் 252 மிச்சம். ஒன்றுமே இல்லை என்ற பதிலில் 210தான். பையன் இரண்டு முறை பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான். நானும் முதல் தடவை போட்டபோது திரும்பத் திரும்பப் போட்டுத்தான் பார்த்தேன்.

பட்டறையில் இதைப் பொருத்துவது சுலபமாக இருந்தது. ஒரு மோட்டாரில் கப்பாசிட்டரை, அதாவது மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் பாகத்தை, சோதித்துப் பார்த்து, அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் பையன் சலித்துக்கொள்வான், நேரம் வீண் என்று. இப்போது அந்தச் சலிப்பு இல்லை. கழித்தாகிவிட்டது, அடுத்தது எது என்று கேட்கிறான். ‘இல்லை’ என்ற பதிலை வரவில் வைக்கப் பழகிவிட்டான்.

இதோடு சேர்த்து ஆட வேண்டியது இருபது கேள்வி. ஒருவர் ஒரு பொருளை நினைத்துக்கொள்வார். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும். இருபது கேள்விக்குள் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாக ஆடுகிறவர் “யானையா? ரயிலா?” என்று குருட்டாம்போக்கில் எறிவார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொருள்தான் கழியும். “உயிருள்ளதா?”, “கையில் தூக்க முடியுமா?” என்று பாதிக்குப் பாதி பிரிக்கிற மாதிரிக் கேட்டால், இருபது கேள்வியில் 10,48,576 பொருட்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்துவிடலாம். இரண்டை இருபது முறை பெருக்கினால் வருவது அதுதான்.

பட்டறை வேலையிலும் இதே கதைதான். கரண்ட் வரும் வழி இது: மெயின் போர்டிலிருந்து ஸ்டார்ட்டர், அங்கிருந்து கேபிள், கடைசியில் மோட்டார். மோட்டார் ஓடவில்லை என்றால் பலர் ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வருவார்கள். ஸ்டார்ட்டரை ஆன் செய்து, அதிலிருந்து மோட்டாருக்குக் கிளம்பும் இடத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தால், கோளாறு அதற்கு முன்னாலா பின்னாலா என்று ஒரே அளவில் தெரிந்துவிடும். பாதி வேலை போச்சு. அதே போல உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால், கரண்டை முழுக்கத் துண்டித்து, கப்பாசிட்டரில் தேங்கியிருப்பதையும் இறக்கிவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பார்ப்போம். லேசாகச் சுற்றினால் சந்தேகம் கப்பாசிட்டர் பக்கம். இறுகி நின்றால் பேரிங்கோ, பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரோ. இதெல்லாம் அனுபவசாலிகள் எல்லோரும் செய்வதுதான். ஏன் அந்தச் சோதனை முதலில் என்று பையனுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு வாய்த்த பாஷை அந்த ஆட்டம்.

மெக்கானிக் இல்லாதவர்களுக்கும் இது உதவும். மாதச் செலவு எகிறுகிறதா, குழந்தைக்கு ஒரு பாடம் ஏறவில்லையா, போன் சூடாகிறதா, எதுவாக இருந்தாலும் ‘எந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிக் காரணங்கள் கழியும்’ என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இன்னொன்று, இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். கப்பாசிட்டரையும் பேரிங்கையும் சேர்த்து மாற்றினால் மோட்டார் ஓடும். எது கெட்டுப்போயிருந்தது என்று தெரியாது, வாடிக்கையாளர் இரண்டுக்கும் காசு கொடுப்பார்.

இனி, வீட்டில் நாலு பேர் கூடினால் நான் தவறாமல் எடுக்கும் ஆட்டம். 1960-ல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஆய்வுக்காக உருவாக்கியது. “என் மனதில் ஒரு விதி இருக்கிறது. 2, 4, 6 அந்த விதிக்குப் பொருந்தும். நீங்கள் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள், பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன். உறுதியாகத் தெரிந்ததும் விதியைச் சொல்லுங்கள்.” அவ்வளவுதான். 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24. பொருந்தும். இரண்டிரண்டாகக் கூடுகிறது, இதுதான் விதி என்று அடித்துச் சொல்வார்கள். இல்லை. விதி, ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும். 1, 2, 50 என்றாலும் பொருந்தும். வேசனின் சோதனையிலும் பெரும்பாலோர் முதலில் தவறான விதியைத்தான் அறிவித்தார்கள்.

இதில் ஜெயிக்க ஒரே வழி, பொருந்தாது என்று நாம் நினைக்கும் எண்களைக் கேட்பது. 6, 4, 2 கேட்க வேண்டும், 5, 5, 5 கேட்க வேண்டும். ‘ஆம்’ வாங்குவதற்காகவே கேட்கிற மனசுக்கு இது லேசில் வராது. படித்தவர், படிக்காதவர் என்று இதில் வித்தியாசம் பார்த்ததில்லை. சொல்லப்போனால் கணக்கில் கெட்டிக்காரர்கள்தான் சீக்கிரம் மாட்டுகிறார்கள், அவர்களுக்கு அழகான விதி உடனே தோன்றிவிடுகிறதே. ஒரு எச்சரிக்கை: ஒரே ஆளிடம் இரண்டாம் தடவை இதே விதி செல்லாது. புது விதியை நீங்கள்தான் யோசித்துக்கொண்டு போக வேண்டும். அந்த யோசனையும் நல்ல பயிற்சிதான்.

வேலையில் இதன் பலன், கருகல் வாசனை வந்தால் காயில் எரிந்துவிட்டது என்று உடனே எழுதிவிடுவதில்லை. ‘காயில் எரியவில்லை என்றால் இந்த வாசனை எங்கிருந்து வரும்?’ என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொள்வேன். முனையில் நட்டு லூஸாகி கேபிள் தோல் கருகியிருக்கலாம். மூடியைத் திறந்து பார்க்கிற வேலைதான். காயில் கட்டுகிற செலவு எங்கே, ஒரு நட்டை முறுக்குகிற செலவு எங்கே!

சரி, செஸ்ஸுக்கு வருவோம். செஸ் ஆடுகிறவர்களுக்கு அபார ஞாபகசக்தி என்று ஒரு பேச்சு உண்டு. 1973-ல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதைச் சோதித்தார்கள். உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், மாஸ்டர் பெரும்பாலான காய்களை நினைவிலிருந்தே அடுக்கிவிடுவார். புதியவர் நாலைந்து காயோடு நின்றுவிடுவார். அதே காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டினால் மாஸ்டரும் புதியவர் அளவுக்கு இறங்கிவிடுகிறார். அவர் காய் காயாகப் பார்ப்பதில்லை. கோட்டை கட்டிய ராஜா, அவர் முன்னால் மூன்று சிப்பாய்கள், பக்கத்தில் குதிரை என்று பழகிய கட்டமைப்பாகப் பார்க்கிறார். மோட்டார் சத்தம் கேட்டதும் எனக்குப் பேரிங் நினைவு வருவதும் இந்த ரகம்தான். பல வருடம் கேட்டுக் கேட்டு ஏறியது. செஸ் ஆடி அது வரவில்லை.

ஆகவே செஸ்ஸிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஞாபகசக்தியை அல்ல, ஒரு நோட்டுப் புத்தகத்தை. ஆட்டத்தில் இரண்டு மூன்று முக்கியமான இடங்களில், காயை நகர்த்தியதும் ஒரு வரி எழுதி வைப்பேன். “குதிரையைக் கொடுத்து சிப்பாயை எடுக்கிறேன், அவர் ராஜா வெளியே இழுபடும்.” ஆட்டம் முடிந்த பிறகு அந்த வரியைப் படித்து, நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அப்போது ஒரு விசித்திரம் தெரியும். குதிரையைக் கொடுத்தேன், ஆட்டத்தையும் ஜெயித்தேன், ஆனால் ராஜா வெளியே வரவே இல்லை. எதிராளி வேறு எங்கோ ராணியைக் கோட்டை விட்டதால் ஜெயித்திருப்பேன். அந்தப் பக்கத்தில் ‘ஜெயிப்பு, காரணம் தப்பு’ என்று குறித்துவைப்பேன். தோற்ற ஆட்டத்தில் ‘காரணம் சரி’ என்று வருவதும் உண்டு. முடிவு நன்றாக வந்தால் யோசனையும் நன்றாக இருந்தது என்று மனசு தானாக எழுதிக்கொள்ளும் கணக்கை இந்த ஒரு வரி உடைக்கிறது. எழுதாமல் இதைச் செய்ய முடியாது. ஆட்டம் முடிந்ததும், ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று மனசு கூசாமல் சொல்லும்.

முடிந்த ஆட்டத்தை என்ஜினை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலை, வைத்து அலசுவது நல்லதுதான். ஆனால் முதலில் நீங்களே, முடிந்தால் எதிராளியோடு உட்கார்ந்து, அலசிவிட்டு அப்புறம் திறங்கள். என்ஜின் சரியான நகர்வைக் காட்டும். நீங்கள் ஏன் அதைப் பார்க்கவில்லை என்பதை அது சொல்லாது. எதிராளி சொல்வார்: “நீங்க இந்தப் பக்கமே பாத்துட்டிருந்தீங்க, அதான் நான் அந்தப் பக்கம் வந்தேன்.”

அதே நோட்டைப் பட்டறைக்கும் வைத்தேன். மோட்டார் வந்து இறங்கியதும், பிரிப்பதற்கு முன்னால், என்ன கோளாறு என்று நினைக்கிறேன், எதை வைத்து நினைக்கிறேன் என்று ஒரு வரி. பிரித்த பிறகு உண்மையில் இருந்தது என்ன என்று பக்கத்தில் ஒரு வரி. சில மாதம் கழித்துப் புரட்டினால், சத்தத்தை வைத்துச் சொன்னவை பெரும்பாலும் தேறியிருந்தன. வாடிக்கையாளர் சொன்ன கதையை வைத்துச் சொன்னவைதான் ஆட்டம் கண்டன. அதிலிருந்து கதையைக் கேட்பதற்கு முன்னால் மோட்டாரை ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டுவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துச் செல்வேன் என்றால், இந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். ஆட்டமே ஆடாதவருக்கும் இது வேலை செய்யும்.

ஆளுக்கு மூன்று நிமிடம் மட்டும் வைத்து வேகமாக ஆடும் பிளிட்ஸ் செஸ் ஆட்டங்களைப் பற்றிக் கேட்பார்கள். சுவாரஸ்யம்தான், நிறுத்த முடியாது, அதுதான் பிரச்சினையும். அதில் யோசிப்பதற்கு இடம் இல்லை. ஏற்கெனவே தெரிந்ததைக் கை செய்கிறது. ஒரு நிதானமான ஆட்டமும் அதன் அலசலும் முப்பது பிளிட்ஸுக்குச் சமம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் என்னைத் தோற்கடிப்பவர்கள்.

சுடோகுவை நான் இன்னும் விடவில்லை. 1979-ல் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கியது, ஜப்பான் போய்ப் பெயர் வாங்கிக்கொண்டு உலகம் சுற்றியது. அதன் அருமை, நன்றாக அமைந்த புதிருக்கு ஒரே விடைதான், ஊகமே தேவையில்லை. ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களில் 4, 7 மட்டுமே வர முடியும் என்று தெரிந்தால், எது எங்கே என்று தெரியாவிட்டாலும் அந்த வரிசையின் மற்றக் கட்டங்களில் 4-ஐயும் 7-ஐயும் அடித்துவிடலாம். பாதி தெரிந்ததை வைத்தே இன்னொரு முடிவுக்குப் போகும் இந்தப் பழக்கம் பிடித்திருக்கிறது. உறுதியானதைப் பேனாவில், இருக்கலாம் என்பதைப் பென்சிலில் சின்னதாக எழுதுங்கள். இரண்டும் கலந்தால் புதிர் கடைசியில்தான் இடிக்கும், எங்கே தப்பு என்று தேட முடியாது. ஆனால் ஏழெட்டு உத்திகள் கைவந்ததும் சுடோகு ஓய்வாகிவிடுகிறது. கை போகும், மனசு வேறு எங்கோ இருக்கும். அது நல்ல ஓய்வு. பயிற்சி என்று பெயர் வைக்க வேண்டாம். ரூபிக் கனசதுரமும் அப்படித்தான். 43-க்குப் பின்னால் 18 இலக்கம் வருகிற அளவுக்கு அதற்கு நிலைகள் உண்டு, எதிலிருந்தும் 20 திருப்பத்துக்குள் சரிசெய்யலாம் என்று 2010-ல் நிறுவியிருக்கிறார்கள். காணொளி பார்த்துச் சூத்திரங்களை மனப்பாடம் செய்து சுற்றினால் விரல் வேகம் கூடும், அவ்வளவுதான். முதல் அடுக்கையாவது யார் உதவியும் இல்லாமல் நீங்களே முட்டி மோதிக் கண்டுபிடியுங்கள், அங்கேதான் யோசனை இருக்கிறது.

குழந்தைகளோடு ஆட தீக்குச்சி ஆட்டம் ஒன்று. 21 குச்சிகள். ஒரு முறைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம். கடைசிக் குச்சியை எடுப்பவர் ஜெயித்தவர். என் அண்ணன் மகளோடு ஆடினேன். தொடர்ந்து தோற்றாள், கோபம் வந்தது, விடவில்லை. ஒரு கட்டத்தில் குச்சியை எடுக்காமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: “சித்தப்பா, நாலு மிச்சம் இருந்து என் முறை வந்தா, நான் எத்தனை எடுத்தாலும் நீங்க ஜெயிச்சிடுவீங்கல்ல?”

“ஆமா.”

“அப்ப நான் உங்களுக்கு நாலு விடணும்.” கொஞ்ச நேரம் கழித்து, “எட்டு விட்டாலும் அப்படித்தானே?”

பதில் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போல் ஆகியிருக்கும். 8, 12, 16, 20 என்று அவளே ஏறிப் போய், முதலில் ஆடுபவர் ஒரே ஒரு குச்சியை எடுத்தால் ஆட்டம் கையில் என்று கண்டுபிடித்தாள். பிறகு அவள் வகுப்புத் தோழிகள் யாரும் அவளோடு இந்த ஆட்டம் ஆட வருவதில்லை என்று கேள்வி. முடிவிலிருந்து பின்னோக்கி வருவது என்பதைப் பெரியவர்களுக்குக்கூட வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இதில் குச்சியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அவளுக்கு இது பழகிய பிறகு, பரீட்சைக்குத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி எந்த வாரம் எந்தப் பாடம் என்று போடச் சொன்னேன். “இது தீக்குச்சி மாதிரி” என்று அவளாகவே சொன்னாள். அப்படி ஒரு தடவை தொட்டுக்காட்டினால்தான் ஆட்டம் வெளியே வருகிறது. குழந்தைகளுக்காக வேண்டுமென்றே தோற்பதில் எனக்கு உடன்பாடில்லை. குச்சியைக் குறைத்து 9-ல் ஆரம்பிக்கலாம், செஸ்ஸில் ராணி இல்லாமல் ஆடலாம். ஆட்டம் நேர்மையாக இருக்கட்டும், தொடக்கம் சமமாக இருக்கட்டும்.

மூளைப் பயிற்சி ஆப்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. லூமோசிட்டி என்ற நிறுவனம், தன் ஆட்டங்கள் வேலையிலும் படிப்பிலும் திறமையைக் கூட்டும், வயதாவதால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016-ல் 20 லட்சம் டாலர் கொடுக்க அந்த நிறுவனம் சம்மதித்தது. ஆப்பில் ஆடப் பிடித்தால் ஆடுங்கள். மதிப்பெண் ஏறுவதைப் பார்த்து மூளை ஏறுகிறது என்று நினைத்து சந்தா மட்டும் கட்டிக்கொண்டே போகாதீர்கள்.

வயதானவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வருவது குறைவாக இருந்தது. ஆடியதால் நோய் வரவில்லையா, நோய் உள்ளே தொடங்கியவர்கள் ஆட்டத்தை ஏற்கெனவே விட்டுவிட்டார்களா என்பதை இதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆக்டிவ் என்ற பெரிய சோதனையில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். பகுத்தறிதலிலும் பார்த்ததை வேகமாகப் புரிந்துகொள்வதிலும் பயிற்சி பெற்றவர்களிடம் பத்து ஆண்டுக்குப் பிறகும் அந்தந்தத் திறனில் பலன் தெரிந்தது; நினைவாற்றல் பயிற்சியின் பலன் அதற்குள் கரைந்துவிட்டது. அப்போதும் எதைப் பழகினார்களோ அது.

என் பெரியப்பாவுக்கு நான் சொன்னது, தனியாகப் போனில் ஆடுவதை விட்டுவிட்டு ஆளோடு ஆடுங்கள் என்பது மட்டும். வாரத்தில் சில மாலைகள் அவர் வயதுக்காரர் ஒருவர் வருகிறார். கடிகாரம் வைப்பதில்லை. காய்கள் பெரிதாக, கறுப்பும் வெளுப்பும் பளிச்சென்று தெரிகிற மாதிரி வாங்கிக் கொடுத்தோம். வெளிச்சம் போர்டின் மேல் விழும்படி நாற்காலியை மாற்றிப் போட்டோம். ஞாபகம் கூடியதா என்றால் அளந்து பார்க்கவில்லை. ஆட்டத்தை விட வாக்குவாதம்தான் அதிகம் நடக்கிறது, அதற்காகவே காலையில் நடந்துவிட்டு வந்து மத்தியானம் ஒழுங்காகத் தூங்கி எழுந்திருக்கிறார். காது சரியாகக் கேட்காததால்தான் பேச்சில் தடுமாறுகிறார் என்பதும் இந்த மாலைகளில்தான் எங்களுக்குத் தெரிந்தது. காது மருத்துவரிடம் கூட்டிப் போனோம். கேட்கும் திறன் குறைவது மறதி நோயோடு தொடர்புள்ள ஒன்று என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், அதனால் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அதை முதலில் பாருங்கள், ஆட்டம் அப்புறம்.

எவ்வளவு நேரம் ஆடுவது என்பதற்கு என்னிடம் விதி இல்லை. ஓர் அடையாளம் வைத்திருக்கிறேன்: ஏன் இந்த நகர்வு என்று கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியாத நிலை வந்தால், அன்றைக்கு அவ்வளவுதான். ராத்திரித் தூக்கத்தை விட்டு ஆடுவது எந்த வகையிலும் கணக்குக்குக் கட்டாது. ஓர் ஆட்டம் யோசிக்காமலே வர ஆரம்பித்துவிட்டதா, புதியவராகத் தடுமாறும் இன்னொன்றைத் தொடங்கலாம். நான் இப்போது கோ என்ற பலகை ஆட்டம் ஆடப் பழகுகிறேன். முழுப் பலகை 19-க்கு 19. பழகுபவர்களுக்கு 9-க்கு 9 போதும். காகிதத்தில் கோடு போட்டு, இரண்டு நிறப் பட்டன்களை வைத்து ஆடுகிறோம். பையன் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டுவிட்டான். அவனுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதில் என்ன எழுதுகிறான் என்று ஆட்டம் முடிவதற்கு முன்னால் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.